பானை ஓட்டில் ஒரு பெயர்

கொடுமணலில் இதுவரை ஓர் அரண்மனை கிடைக்கவில்லை. மெய்க்கீர்த்தி வெட்டிய கல்லோ, இன்ன ராஜா இங்கே இருந்தான் என்று சொல்லும் மண்டபமோ அங்கே இல்லை. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் 1985 முதல் பல சுற்றுகளாக அகழாய்வு நடந்திருக்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, பேராசிரியர் கா. ராஜன் பல ஆண்டுகள் அங்கேயே உழைத்தார், பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறையும் தோண்டியது. கிடைத்தவை இரும்பு உருக்கிய உலைகள், மணிகளைத் தீட்டித் துளையிட்ட பட்டறைகள், பச்சைக்கல், சூதுபவளம், படிகம், ஈமச்சின்னங்கள், நூற்றுக்கணக்கான எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். நடுவில் துளையிட்டு இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. அவை நூல் நூற்பதற்கானவை.

திருப்பூர்க்காரன் எவனுக்கும் இந்தக் கடைசி வரியைப் படித்ததும் சின்னதாக ஒரு சிரிப்பு வரும். ரெண்டாயிரம் வருஷமாக இதே பொழப்புதானா நமக்கு?

நான் இருப்பது அவிநாசியில். கோவைக்காரர்களுக்கு அவிநாசி என்பது ஒரு ரோட்டின் பெயர். பக்தர்களுக்குச் சுந்தரர் முதலையிடமிருந்து பிள்ளையை மீட்ட திருப்புக்கொளியூர். எங்களுக்கு அது காலை எட்டரை மணிக்குக் கம்பெனி வேன்கள் வரிசையாகக் கிளம்பும் ஊர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் வட்டாரத்திலிருந்து போகிறது. கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் என்று எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒன்றில் கை வைக்காத குடும்பம் குறைவு. எங்கள் வீட்டில் நான்தான் அதிலிருந்து நழுவி மென்பொருள் பக்கம் போனவன்.

கொடுமணலும் அப்படி ஓர் ஊராகத்தான் இருந்திருக்க வேண்டும். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்று, அணிகலன்களுக்குப் பேர்போன இடமாகச் சொல்கிறது. காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. அந்தக் கல் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும் என்று ரோமாபுரியில் உட்கார்ந்து பிளினி எழுதினார். வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஆக, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பி வாழ்ந்த ஒரு தொழில் ஊர். அதன் அடுக்குகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அளவுக்குப் பின்னால் போகின்றன. இத்தனை உலையும் இத்தனை பட்டறையும் இத்தனை சரக்கும் ஓடிய ஊரை யார் நடத்தினார்கள்? என்னைப் பல நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான்.

*

பள்ளியில் நாம் படித்த வரலாறு இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. அதில் நாகரிகம் என்றால் மன்னன், அவன் கட்டியது, அவன் தோற்றது. ஆனால் தொல்லியலாளர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறார்கள். 1950இல் கோர்டன் சைல்டு ‘நகரப் புரட்சி’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய நாகரிகங்களைப் பிரித்துப் பார்த்தால் எந்தெந்தக் கற்கள் அடியில் இருக்கும் என்று பத்து அடையாளங்களைச் சொன்னார். ஊரின் அளவு. முழுநேரக் கைவினைஞர்கள். உபரியை வரியாகத் திரட்டுவது. பெரிய பொதுக்கட்டடங்கள். உழாமல் உண்ணும் ஆளும் வர்க்கம். எழுத்து. கணிதம், வானியல் போன்ற துல்லிய அறிவு. தேர்ந்த கலை. தொலைதூர வணிகம். பத்தாவதாக, ரத்த உறவை வைத்து இல்லாமல் குடியிருப்பை வைத்து அமைந்த அரசு.

முதல் ஒன்பதையும் எல்லோரும் விவாதித்துக் கரைத்துவிட்டார்கள். பத்தாவதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. நீ யாருடைய மகன் என்பதை விட்டுவிட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்பதை வைத்து ஓர் ஊர் உன்னைத் தன் ஆள் என்று எடுத்துக்கொள்வது. யோசித்துப் பார்த்தால் இது மற்ற ஒன்பதையும்விடப் பெரிய தாவல். கோயில் கட்டுவதைவிடக் கஷ்டமான காரியம்.

இதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். என் வேலை, ஒரு மென்பொருளுக்குள் யார் வரலாம், வந்தால் என்ன செய்யலாம் என்பதை எழுதுவது. எங்கள் தொழிலில் இது ரெண்டு தனித்தனிக் காரியம். ஒன்று ஆதென்டிகேஷன், நீ இன்னார்தான் என்று உறுதி செய்வது. இன்னொன்று ஆதரைசேஷன், இன்னாராகிய உனக்கு இங்கே எதைத் தொட உரிமை உண்டு என்று தீர்மானிப்பது. புதிதாக வேலைக்கு வரும் பசங்க முதல் மாதம் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உள்ளே வந்துவிட்டால் எல்லாம் செய்யலாம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. உலகத்தில் பெரும்பாலான மனிதர்கள் முதல் பட்டியலில் இருக்கிறார்கள், ரெண்டாவதில் இல்லை.

எழுத்தின் பிறப்பே இதைத்தான் சொல்கிறது. கி.மு. 3300 வாக்கில் மெசபடோமியாவின் உருக் நகரத்தில் களிமண் பலகைகளில் முதலில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கணக்குகள். இவ்வளவு பார்லி, இவ்வளவு ஆடு, இவ்வளவு பீர். ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து, ஊரின் மூன்றாம் அரசமரபுக் காலத்தில் அந்தக் கணக்கு பிரம்மாண்டமாக வளர்ந்துவிட்டது. (நம் ‘ஊர்’ இல்லை, அங்கே ஒரு நகரத்தின் பெயரே ஊர்.) அரசும் கோயிலும் நடத்திய நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள், குழந்தைகளோடு வேலை செய்தார்கள். அவர்களுக்கு மாதாமாதம் படியளந்த பார்லியின் கணக்கு இன்றும் இருக்கிறது. ஒரு தறிக்காரியின் பெயர், அவளுக்கு இவ்வளவு, அவள் பிள்ளைக்கு இவ்வளவு. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல். எந்தக் கம்பெனி மேனேஜரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். ஆனால் அந்தக் கூடத்தில் என்ன நெய்ய வேண்டும், எத்தனை நாள் நெய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை.

சிந்துவெளி இதற்கு நேரெதிரான புதிர். நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் செங்கல்லின் அளவு 4:2:1 என்ற விகிதத்தில் இருக்கிறது. எடைக்கற்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போகின்றன. தரக்கட்டுப்பாடு என்றால் அதுதான். ஆனால் இன்னார் அரண்மனை என்று ஐயமில்லாமல் காட்ட ஒரு கட்டடம் கிடைக்கவில்லை. ஒழுங்கு இருக்கிறது, உத்தரவு போட்டவன் முகம் தெரியவில்லை. கொடுமணலின் புதிரும் சின்ன அளவில் இதே மாதிரிதான்.

*

தண்ணீரை வைத்து இதற்கு ஒரு பதில் சொல்லும் வழக்கம் உண்டு. 1957இல் கார்ல் விட்ஃபோகல், பெரிய பாசனம் இருந்தால் அதை நடத்த அதிகாரவர்க்கம் வரும், அதிகாரவர்க்கம் வந்தால் சர்வாதிகாரம் வரும் என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பெயினின் வலென்சியாவில் விவசாயிகளே தேர்ந்தெடுத்த தண்ணீர் நீதிமன்றம் இன்றும் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடுகிறது. பாலித் தீவில் சுபக் என்ற உழவர் சங்கங்கள் மலைச்சரிவு முழுக்கத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளை மக்களே விதி வகுத்து நடத்துவதை ஆராய்ந்ததற்குத்தான் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் நோபல் கிடைத்தது.

நம் பக்கத்தில் இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து ரெண்டு கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டியவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைக் குறிப்பிட்டார். அதற்குப் பிறகு வாட்ஸப்பில் உத்திரமேரூர் வராத வாரமே இல்லை. அதனால் கல்வெட்டில் உள்ளது என்ன என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி ஓராண்டு. யாருக்குத் தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் பதவி வகித்திருக்கக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு வந்த எண்ணம், இது சட்டம் மாதிரி இல்லை, புகார்ப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சம்பவம் நிற்கிறது. எவனோ கணக்குக் காட்டாமல் போயிருக்கிறான். அடுத்த வருஷம் மச்சானை அனுப்பியிருக்கிறான். ‘உறவினரும் கூடாது’ என்று எழுதுகிறார்கள். யாரோ விடாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘மூன்று ஆண்டு இடைவெளி’ என்று எழுதுகிறார்கள். இன்னும் ஒன்று: 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. ரெண்டே வருஷத்தில் அதை 35, 70 என்று மாற்றி, முழு விதியையும் திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுதியதைக்கூடச் சரியில்லை என்றால் திருத்தலாம் என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் நான் மெச்சுவது குடத்தை இல்லை, இந்தத் திருத்தத்தை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். குடத்துக்குள் பெயர் போனது அவர்களிலும் நிலமுள்ள ஆண்களுக்கு மட்டும். ஏரியை வெட்டியவர்கள், கரையைக் காத்தவர்கள், அந்தத் தண்ணீரில் நாற்று நட்டவர்கள் யார் பெயரும் ஓலையில் இல்லை. அரசனின் ஆணையோடு வந்த அதிகாரியும் உடன் இருந்துதான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று மார்தட்டுபவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘எல்லாம் பொய்’ என்பவர்கள் அதற்கு முந்தைய பத்தியைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு ரெண்டும் வேண்டியிருக்கிறது. விதி அருமை, பட்டியல் குறுகல்.

*

கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. இங்கே தண்ணீர் என்பது எப்போதும் யாரோ ஒருவர் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொருள். பவானி ஆற்றைத் தடுத்து, நொய்யல் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்கால் 1283இல் முடிந்ததாகச் சொல்கிறார்கள். தொண்ணூறு கிலோமீட்டர் நீளம். அதை வெட்டியவர் தன் ஆதாயத்துக்காகச் செய்தார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று, தானும் தன் குடும்பமும் அந்தத் தண்ணீரைப் புழங்குவதில்லை என்று சபதம் செய்து ஊரைவிட்டு ஊத்துக்குளிப் பக்கம் போய்விட்டதாகக் கதை. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் ஊத்துக்குளி அது. கதை நடந்ததோ இல்லையோ, எழுநூறு வருஷமாக மக்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீரை நிர்வகிப்பவன் அதில் லாபம் பார்க்கக் கூடாது என்பது உத்திரமேரூரில் கல்லில் இருக்கிறது, இங்கே கதையில் இருக்கிறது.

வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துக்குக் குளமும் குட்டையும். எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. என் அப்பாரு சாகும்வரை அதைப் பற்றிப் பேசும்போது ஒரு குடும்பத்து ஆளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

“மழைக்கு முந்தி வூட்டுக்கு ஒராளு மம்முட்டியோட வந்தரோணும் கண்ணு. வல்லீன்னா கூலியாளு அனுப்போணும். அதுவும் இல்லீன்னா கோயல்ல வெச்சுக் கேப்பாங்க.”

“யாருங் அப்பாரு கேப்பாங்க?”

“யாரு கேப்பாங்கன்னா? ஊரு கேக்கும்.”

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பழுப்பேறிய நாற்பது பக்க நோட்டு. குளம் தூர் வாரிய வருஷங்களுக்கான வீட்டுவாரிக் கணக்கு. வந்தவர் பெயருக்கு நேராக ஒரு கோடு, வராதவருக்குச் சுழி. அப்பாரு போன பிறகு அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு. அங்கே ‘ராக்காவல் ஆளுக்குக் கம்பு 2 வள்ளம்’ என்று நாலு வருஷம் வரிசையாக இருக்கிறது. மழை ராத்திரிகளில் கரை உடையாமல் பார்த்துக்கொண்டவர் அவர். ஊருக்குத் தெற்கே தனியாக இருந்த வளவிலிருந்து வந்தவர். முன் பக்கங்களில் குளத்துக்கு வராதவர்களுடைய பெயர்கூட இருக்கிறது. நாலு மழைக்காலம் விழித்திருந்தவருக்குப் பெயர் இல்லை, ‘ஆள்’தான். உருக்கின் பார்லிக் கணக்குக்கும் இதற்கும் இடையில் ஐயாயிரம் வருஷம் இருக்கிறது என்று சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது. அந்தத் தறிக்காரிக்காவது பெயர் இருந்தது.

அந்த நோட்டில் கடைசி வருஷத்துக் கணக்கில் சுழிகள் கோடுகளைவிட அதிகம். வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது. குடிமராமத்துக்கு ஆள் வரவில்லை என்று 1858இல் மதராஸில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வழக்கமாக இருந்ததைச் சட்டமாக்க வேண்டிய நிலை வந்ததென்றால் வழக்கம் செத்துக்கொண்டிருந்தது என்று பொருள். பிறகு பொதுப்பணித்துறை வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, ஆயிரம் அடிக்குக் கீழே போனது. குளத்தில் தண்ணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போரில் வந்தால் போதும் என்றானது. பனியன் கம்பெனி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தூர் வாரப் போவதா, ஓவர்டைம் பார்ப்பதா என்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. நொய்யல் சாயக்கழிவு ஓடையானது. 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு, கழிவுநீர்த் தொட்டியாக முடிந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பை எல்லோரும் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

*

இந்தக் கதையில் 2024 ஆகஸ்ட் 17 ஒரு நல்ல நாள். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் அன்று தொடங்கியது. அறுபது ஆண்டுக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019இல் அடிக்கல். 1,916 கோடி ரூபாய். பவானியில், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் உபரி நீரில் 1.5 டிஎம்சியை, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்களில் மேலேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குத் தருவது திட்டம். குளத்துக்குக் குளம் சூரியத் தகடு வைத்த கருவிப்பெட்டி நிற்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அது தலைமையிடத்துக்குச் சொல்லும். காலிங்கராயன் தண்ணீரைச் சரிவில் வழியவிட்ட அதே இடத்திலிருந்து, எழுநூற்று நாற்பது வருஷம் கழித்து, மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றியிருக்கிறோம்.

எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்த அன்று ஊரே கரையில் நின்றது. கிழவிகள் பூ போட்டார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பதற்கில்லை.

ஆனால் குழாய் தண்ணீரைத்தான் கொண்டுவரும். அது ஊரைக் கொண்டுவராது. அந்த 1,045இல் 32 நீர்வளத்துறை ஏரிகள், 42 ஒன்றியக் குளங்கள், மிச்சம் 971 குட்டைகள். இவற்றின் கரைக்கும், மழைநீர் வரும் ஓடைகளுக்கும், கரையில் குவியும் குப்பைக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லும். எங்கள் குளத்து நீர்வழியில் முள் மண்டிக் கிடக்கிறது, கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. குளத்தின் வடகரையை ஒட்டி லைன் வீடுகள் வந்துவிட்டன. ஒரு வரிசைக்குப் பத்து அறை, அறைக்கு நாலு பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அந்த வீடுகளின் கழிவுநீருக்கு உரிமையாளர் சாக்கடை கட்டவில்லை. அது நேராகக் குளத்துக்கு வருகிறது.

போன வருஷம் ஒரு கிராம சபைக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. “இந்திக்காரங்க வந்து குளத்தை நாசம் பண்ணீட்டாங்க” என்று ஒருவர் தொடங்கினார். பின்னால் தூண் ஓரமாக லைன் வீட்டுப் பையன்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் ஒடியாக்காரன், ஐந்து வருஷமாக இங்கே ஓவர்லாக் அடிக்கிறவன். தமிழ் நன்றாகப் பேசுவான். கையைத் தூக்கினான். “அண்ணா, சாக்கடை கட்டச் சொல்லி நாங்களும் ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டே இருக்கறோமுங்க. எங்க கொழந்தைக்கும் காய்ச்சல் வருது” என்றான். ஒரு நிமிஷம் சத்தம் அடங்கியது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிக் கேட்டார்: “தம்பி, உனக்கு இங்க ஓட்டு இருக்குதா?”

இல்லை. அவர் கேட்டதில் சட்டப்படி தவறும் இல்லை. கிராம சபை என்பது அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. பையன் கையை இறக்கிவிட்டான். மகளிர் குழுவிலிருந்து ஓர் அக்கா எழுந்து, “ஓட்டு இல்லாட்டி என்னங்ணா, கொசு ஓட்டு பாத்தா கடிக்குது? அவங்க சொன்னதையே நான் சொல்றன், எம்பேர்ல எழுதிக்குங்க” என்றார். அப்படித்தான் பதிவானது.

அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இல்லை. ஆதாரில் இருக்கிறது, கம்பெனியின் பிஎஃப் கணக்கில் இருக்கிறது, ஊர் ரேஷன் அட்டையில் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய 1979இலேயே ஒரு மத்தியச் சட்டம் போட்டார்கள். அப்படியும் 2020 ஊரடங்கில் அவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தபோது, வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு தன்னிடம் இல்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் இங்கே முதலாளிகள் தூங்கவில்லை. அவர்கள் போய்விட்டால் தொழில் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் தொழிலின் மொழியில் சொன்னால், ஆதென்டிகேஷன் நூறு சதவீதம், ஆதரைசேஷன் பூஜ்யம்.

சைல்டு சொன்ன பத்தாவது கல்லை இப்போது மறுபடி எடுத்துப் பாருங்கள். உறவை வைத்து இல்லாமல் குடியிருப்பை வைத்து ஆளை எண்ணுவது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே வைத்தாயிற்று என்று பாடப்புத்தகத்தில் நாம் டிக் அடித்த கல் அது. ஐந்து வருஷம் ஒரு குளத்தின் கரையில் குடியிருப்பவனுக்கு அந்தக் குளத்தைப் பற்றிப் பேச இடமில்லை என்றால், அந்தக் கல் இன்னும் சரியாகப் பதியவில்லை.

அவனுக்கு உடனே ஓட்டுரிமை கொடு என்று நான் சொல்லவில்லை. ஓட்டு ஒடிசாவில் இருக்கட்டும், அவனுக்கு அங்கே நிலமும் அம்மாவும் இருக்கிறார்கள். நான் கேட்பது சின்ன விஷயம். குளத்துக்கென்று ஒரு குழு வேண்டும், உத்திரமேரூரின் ஏரி வாரியம் மாதிரி. அதில் இடம்பெற வாக்காளர் அட்டையும் வேண்டாம், கால் வேலி நிலமும் வேண்டாம், கரையில் ஓராண்டு குடியிருந்தால் போதும் என்று ஒரு விதி. கணக்குக் காட்டாதவன் மச்சானுக்கு இடமில்லை என்ற பழைய விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அது இன்னும் தேவைப்படுகிறது. சரிவரவில்லை என்றால் ரெண்டு வருஷத்தில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முன்னுதாரணம் கல்லிலேயே இருக்கிறது.

கொடுமணல் ஓடுகளில் ஆதன் என்று தமிழ்ப் பெயர் இருக்கிறது. அதே மண்ணில் சுமணன், விஸாகி என்ற வடக்கத்திப் பெயர்களும், தமிழ் எழுத்திலேயே, இருக்கின்றன. அவர்கள் வியாபாரிகளா, மணி தீட்டியவர்களா, வந்து போனவர்களா, இங்கேயே தங்கிச் செத்தவர்களா என்று அந்தச் சின்ன ஓட்டை வைத்துச் சொல்ல முடியாது. மதுரைப் பக்கம் மாங்குளத்துக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தோர் வருகிறார்கள். ராஜா அல்லாத, வணிகர்கள் சேர்ந்த ஒரு கூட்டம். கொடுமணலையும் அப்படி ஏதோ ஒரு கூட்டம்தான் நடத்தியிருக்கும் என்பது என் ஊகம். அந்தக் கூட்டத்தில் சுமணனுக்கு இடம் இருந்ததா என்று தெரியாது. பானை அவனுடையது என்பது வரைக்கும் ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் குளத்து நீர்வழியில் முள் வெட்டப் போகிறோம். மகளிர் குழு அக்காதான் ஏற்பாடு. அப்பாரு நோட்டில் எழுதாத பக்கங்கள் ஏழெட்டு மிச்சமிருந்தன. அதில் ஒன்றில் வருகிறவர்கள் பெயரை எழுதச் சொல்லிக் கடைக்குக் கடை, லைன் வீட்டுக்கு லைன் வீடு கொண்டுபோனோம். இதுவரை 41 பேர். அதில் ஒன்பது பேர் வடகரையிலிருந்து. ஓவர்லாக் அடிக்கும் பையன் தன் பெயரை ஒடியாவில் எழுதியிருக்கிறான். எல்லா எழுத்தும் வட்டம் வட்டமாக இருக்கிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாங்ணா, இப்படியே இருக்கட்டும்” என்றான்.